புகுந்த வீடும் பிறந்த வீடும்: கிழக்குக் கரை முஸ்லிம் இல்லறத்தில் இரு பார்வைகள்

'புகுந்த வீடு' என்ற சொல் தமிழில் பெண்ணுக்கு உரியது. மணமுடித்தவள் பிறந்த வீட்டை விட்டுக் கணவனின் வீட்டுக்குள் புகுகின்றாள் என்பதே அச்சொல்லின் பின்னணி. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ இச்சொல்லை அப்படியே வழங்கினால் பொருள் தலைகீழாகிவிடும். இங்கே புகுபவன் மாப்பிள்ளை. பெண் தான் பிறந்த வளவிலேயே இருக்கின்றாள். அவளுடைய உம்மா அடுத்த வீட்டில். ராத்தா வேலிக்கு அப்பால். கல்யாணத்தன்று ஊர்வலமாக அழைத்து வரப்படும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் நுழைந்து, அங்கேயே தங்கி, அங்கேயே பிள்ளை பெற்று வாழ்கின்றான். தமிழகத்தில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது ஏளனப் பேச்சு. கிழக்குக் கரையில் அது ஊர் வழக்கம்.

இந்த வழக்கத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதியவற்றுள் பெரும்பகுதி சீதனக் கொடுமையைப் பற்றியது. அது எழுதப்படவேண்டியதே. ஆனால், அதற்குள் மறைந்து கிடக்கும் இன்னொரு விடயம் போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒரே நிக்காஹ்வைக் கணவனும் மனைவியும் இருவேறு விதமாக விளங்கிக் கொண்டு வாழ்ந்து வந்திருக்கின்றனர். மனைவிக்குத் திருமணம் வீட்டில் நிலைகொள்கின்றது. கணவனுக்கு அது காவின் ஏட்டில் நிலைகொள்கின்றது. இரண்டும் ஒரு கூரையின் கீழ் ஒத்துப்போன காலமும் உண்டு. மோதிய காலமும் உண்டு. சட்டமும் காணி நிருவாகமும் இறுதியில் சுனாமிக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்களும் கணவனின் விளக்கத்தை மட்டுமே கடதாசியில் ஏற்றின. மனைவியின் விளக்கம் வாய்வழக்காகவே நின்றுவிட்டது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடியும் வளவும்

போர்த்துக்கேயர் 1626 ஆம் ஆண்டு தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் பெரிதும் எடுத்தாளப்படும் செய்தி. அதற்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதற்கு ஊர் மரபுகள் சான்று கூறுகின்றன. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றனர் என்றும், வெற்றிக்குப் பின் முக்குவப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர் என்றும் ஒரு மரபு உண்டு. அதை முழு வரலாறாக ஏற்பதோ தள்ளுவதோ வேறு விடயம். அக்கதை சொல்ல வருவது ஒன்றுதான்: வந்தவன் ஆண், இருந்தவள் பெண், நிலம் அவளுடையது.

குடி முறையும் அதையே சொல்கின்றது. ராசாம்பிள்ளை குடி, ஓடாவி குடி, லெவ்வை குடி என இக்கரையில் வழங்கும் குடிகள் யாவும் தாய் வழியாக வருபவை. பிள்ளை உம்மாவின் குடி. வாப்பாவின் குடி அல்ல. ஒரே குடிக்குள் மணமுடிப்பது வழக்கமன்று. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் அமர்ந்த காலத்தில், அந்த மரைக்காயர் பதவிகூடத் தாய் வழியைப் பற்றியே சென்றது. பதவி ஆணுக்கு, அதற்கான உரிமை வந்த வழி பெண். இதை 'வயிற்றுவார்' என்று மட்டக்களப்புத் தமிழர் சொல்வர். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே குடி முறை உண்டு. பாண்டிருப்பும் பெரியநீலாவணையும் மருதமுனைக்கு இருபுறத்து எல்லைகள். மதத்தால் வேறுபட்டவர்கள் வீட்டு வழக்கத்தால் ஒரே மரபினர் என்பது இங்கே கவனத்துக்குரியது.

மட்டக்களப்பு முக்குவர் மத்தியில் வழங்கிய தாய்வழி உரிமைச் சட்டத்தைத் திரட்டி 1876 ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக்கினார். அதே 1876 இல் வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்த வழக்காறு நீதிமன்றங்களில் வலுவிழந்தது. முஸ்லிம்களுக்கு மரபுரிமை ஏற்கெனவே ஷரீஅத் வழியாகச் சென்று கொண்டிருந்தது. ஆகவே, தாய்வழிப் பழைய வழக்கு இரு சமூகத்திலும் சட்டப் புத்தகத்தை விட்டு வெளியேறியது. வீட்டை விட்டு அது வெளியேறவில்லை. அது சீதனம் என்ற பெயரில் வாழ்ந்தது.

அது வாழ்ந்த விதத்தைக் கூறவேண்டும். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசுமுன் அவளுக்கென்று ஒரு வீடு இருக்கவேண்டும். பெரும்பாலும் அது பெற்றோர் குடியிருந்த வீடே. அதை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் ஏனைய பிள்ளைகளோடு அதே வளவின் மறு மூலைக்கு நகர்வர். அங்கே இன்னொரு வீடு எழும். அது இரண்டாவது மகளுக்கு. இப்படி நகர்ந்து நகர்ந்து முதுமையில் கடைசி மகளின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மூத்தம்மாவை இக்கரையின் எந்த ஊரிலும் காணலாம். கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரையில் தலைமுறைக்குத் தலைமுறை வளவுகள் இரண்டாகி நான்காகி, இன்று சில பேர்ச் நிலத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்பதற்கு இதுவே காரணம். மருதமுனையின் குறுக்கு ஒழுங்கைகளில் நடப்பவர் ஒரே உம்மாவின் மக்கள், பேத்திகள் என ஒரு வரிசை முழுவதையும் காண்பார்.

விருந்தாளியும் உழைப்பாளியும்

இனி, இதே வீட்டைக் கணவன் எவ்வாறு காண்கின்றான் என்பதைப் பார்ப்போம்.

அவன் அந்த வீட்டுக்குள் வரும்போது மரியாதைக்குரிய விருந்தாளி. மாமி அவனுக்கு முன்னால் குரலுயர்த்திப் பேசமாட்டாள். சோறு அவனுக்கு முதலில் வரும். ஆனால், அந்த வளவில் நிற்கும் தென்னையில் ஒரு குரும்பையும் அவனுக்கு உரித்தானதன்று. அவனுடைய சொல் எடுபடுவது சகோதரியின் வீட்டில். உம்மா இருக்கும் வீடு அது. சகோதரியின் பிள்ளைகளுக்கு அவன் மாமா. அவர்களின் கல்யாணப் பேச்சில் அவனில்லாமல் முடிவு இல்லை. ஆகவே, ஓர் ஆண் இரண்டு வீடுகளுக்கு இடையில் நடக்கின்றான். சகோதரியின் கல்யாணத்துக்காகத் தன் கல்யாணத்தைப் பல வருடம் ஒத்திப்போட்டு உழைத்தவன் அவன். அந்த வீட்டுச் சுவரில் அவனுடைய உழைப்பு இருக்கின்றது; அவனுடைய பெயர் இல்லை. பின்னர், மனைவியின் வீட்டில் ஒரு மகள் பிறந்ததும் அவளுக்காக மீண்டும் கல் சேர்க்கத் தொடங்குகின்றான். அதிலும் இறுதியில் அவன் பெயர் வராது.

இதை ஓர் அநீதியாகவே கணவன்மார் பலர் உணர்ந்திருக்கின்றனர். 'இந்த வீட்டுச் சுவருக்கு நானுந்தானே கல் வெச்ச' என்பது இக்கரையின் குடும்பச் சண்டைகளில் வழக்கமாக எழும் வாக்கியம். மனைவியின் மறுமொழியும் வழக்கமானதே: 'இது எங்கட உம்மாட வளவு.' இரண்டு வாக்கியமும் உண்மை. கல்லும் சீமெந்தும் அவன் போட்டவை. நிலமும் உறுதியும் அவளுடையவை. அவன் இல்லறத்தை உழைப்பால் அளக்கின்றான். அவள் அதை இருப்பால் அளக்கின்றாள்.

மனைவியின் பக்கம் நின்று பார்த்தால் அந்த உறுதியின் பெறுமதி விளங்கும். ஷாபிஈ மத்ஹப் வழி வந்த நமது விவாகச் சட்டத்தில் கணவனுக்குத் தலாக் எளிது; மனைவிக்கு பஸ்ஹ் கடினம். சாட்சி வேண்டும், காரணம் வேண்டும், காதியார் முன் பல தவணை நடக்கவேண்டும். இத்தகைய சமமின்மைக்குள் வாழும் பெண்ணுக்கு வீடு ஓர் எதிர்ச்சமன். உறவு முறிந்தால் இங்கே வெளியேறுபவன் கணவன். தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு உம்மாவின் வீட்டுக்கோ சகோதரியின் வீட்டுக்கோ அவன் போகவேண்டும். பிள்ளைகள் படுத்த பாய் அதே இடத்தில் இருக்கும். பிள்ளைச் செலவுப் பணம் வராமல் போகலாம். இரவில் கதவைத் தட்டி வெளியே போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்தக் கரையில் கணவனை இழந்த பெண்ணும் விடப்பட்ட பெண்ணும் தெருவுக்கு வராமல் வாழ்ந்தமைக்கு இதுவே பெரும் காரணம்.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறு. வீடு அவள் பெயரில் இருந்தது என்பதற்காக முடிவுகள் அவள் கையில் இருந்தன என்று சொல்லமுடியாது. வாப்பாவும் காக்காமாரும் சொல்வதே நடந்தது. வீடு கொடுக்க வழியற்ற குடும்பங்களில் குமர்கள் முதிர்ந்தார்கள். 'குமர் காரியம்' என்று சொல்லிப் பள்ளி வாசலில் கையேந்தும் வாப்பாமாரை நாம் அனைவரும் அறிவோம். படித்த மாப்பிள்ளைக்கு வீட்டோடு வயற்காணியும், அதற்கு மேல் ரொக்கமும் நகையும் என விலை ஏறிக்கொண்டே போனது. பெண்ணுக்குப் பாதுகாப்பான ஏற்பாடு பெண்ணைப் பெற்றவனுக்குச் சுமையாயிற்று. இரண்டும் ஒரே வழக்கத்தின் இரு முகங்கள்.

காவின் ஏட்டில் எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இலங்கை முஸ்லிம்களின் விவாக, மரபுரிமை வழக்குகளை பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டில் ஒரு கோவையாக்கினர். முதலில் அது கொழும்பு மாகாணத்துக்கு உரியதாயிருந்தது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் தீவின் ஏனைய பகுதி முஸ்லிம்களுக்கும் விரிவாயிற்று. விவாக, விவாகரத்துப் பதிவுக்கென 1929 இல் தனிச் சட்டம் வந்து 1937 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தை 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பிடித்தது. அது 1954 இல் அமுலானது.

இச்சட்டத்தின்படி காவின் எழுதப்படும்போது மாப்பிள்ளை கையொப்பமிடுகின்றார். பெண்ணின் வலி கையொப்பமிடுகின்றார். நிக்காஹ்வை நடத்திவைத்தவரின் பெயரும் பதிவாகின்றது. யாருக்குக் கல்யாணமோ அந்தப் பெண்ணின் கையொப்பத்துக்கு 1951 இன் படிவத்தில் இடம் வைக்கப்படவில்லை. மஹர் எழுதப்படுகின்றது. நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று எழுதப்பட்ட மஹர்கள் நம் உம்மாமாரின் காவின்களில் உள்ளன. கைக்கூலியும் எழுதப்படலாம். சட்டம் கைக்கூலிக்குத் தரும் விளக்கம் குறிப்பிடத்தக்கது. பெண் தரப்பார் பெண்ணின் பயனுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. அது மாப்பிள்ளையின் சொத்தல்ல. மனைவிக்காக அவன் கையில் இருக்கும் பொருள். அதைத் திருப்பிக் கேட்டு அவள் காதி நீதிமன்றம் செல்லலாம். இதை அறியாத குடும்பங்கள் இன்றும் பல. மாப்பிள்ளையின் வாப்பா எண்ணி வாங்கும் பணம் சட்டத்தின் கண்ணில் மருமகளுடையது என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

அசையும் பொருளுக்கு இந்த அளவு பாதுகாப்பாவது உண்டு. ஆனால், இக்கரையின் இல்லறம் முழுவதும் தங்கி நிற்கும் அசையாப் பொருள் வீடல்லவா? வீட்டைப் பற்றிக் காவின் ஏடு எதையும் கேட்பதில்லை. அது நொத்தாரிசின் மேசைக்குரிய விடயமாக ஒதுக்கப்பட்டது. கல்யாணம் ஒரு கடதாசியிலும் கல்யாணத்தின் நிபந்தனை வேறொரு கடதாசியிலும் இருக்கின்றன. பல வேளைகளில் அந்த இரண்டாவது கடதாசி எழுதப்படுவதே இல்லை. 'வீடு மகளுக்கு' என்று சபையில் வாப்பா சொன்ன சொல்லே உறுதியாக நின்றது.

எழுதப்பட்ட உறுதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் இறப்புரிமைக் கட்டளைச் சட்டம் நன்கொடைகளைப் பற்றியும் பேசுகின்றது. மீளப்பெற முடியாதது என்று உறுதியில் தெளிவாகச் சொல்லப்பட்டால் ஒழிய, முஸ்லிம் ஒருவரின் நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படமாட்டாது என்பது அதன் சாரம். ஒரு வரி விடுபட்டால் கொடுத்த வீடு கொடுத்தவர் விரும்பினால் திரும்பக் கூடியது. மகளுக்கு வீட்டை எழுதிய வாப்பா ஆயுள் உரித்தைத் தன் கையில் வைத்துக்கொள்வதும் சாதாரணம். முதுமைக் காலத்தில் ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்ற அவரது அச்சமும் நியாயமானதே. ஆயினும் மகளின் 'எங்கட வீடு' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பலவீனமான கடதாசி இருந்திருக்கின்றது என்பதை இது காட்டுகின்றது.

ஒரு பெயர் கேட்ட அரசு

மருதமுனையும் அயலூர்களும் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டதற்குப் பின்னணியில் இருந்தது கல்லோயாத் திட்டம். இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரத்தில் நீரைத் தேக்கி, 1949 தொடக்கம் குடியேற்றங்கள் எழுந்தன. அக்குடியேற்றங்களின் இனவழிப் பங்கீடு பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இல்லறத்தோடு தொடர்புடைய வேறு ஒரு பக்கம் இருக்கின்றது.

குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டன. அனுமதிப்பத்திரத்தில் ஒரு பெயர். அது குடியேறிய ஆணின் பெயர். விரும்பியபடி காணியைத் துண்டாடமுடியாது. பின்னுரித்தாளர் பெயர் கொடுக்காமல் இறந்தால் உரிமை செல்லும் வரிசையை அச்சட்டத்தின் அட்டவணை சொன்னது. அதில் மகளுக்கு முன்னால் மகன் இருந்தான். மகள்மாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தே பழகிய ஒரு கரையில், நிலத்தைத் துண்டாடாதே, ஆணுக்குக் கொடு என்று சொல்லும் சட்டம் வந்து சேர்ந்தது. ஊர் வழக்கம் அச்சட்டத்தைச் சுற்றி வளைத்துச் சென்றது. அனுமதிப்பத்திரம் மகன் பெயரில் இருக்க, விளைச்சலின் பங்கு மகளுக்கு என்று வாய்ப்பேச்சில் ஒழுங்கு செய்தனர். வாப்பா உயிரோடிருக்கும்வரை அது ஓடியது. ஆண்களுக்கு முன்னுரிமை தந்த அந்த அட்டவணை திருத்தப்படுவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் பெண்ணின் உழைப்பையும் சொல்லவேண்டும். கணவன் உழைப்பவன், மனைவி வீட்டை உடையவள் என்ற பாகுபாடு மருதமுனையில் முழுமையாகப் பொருந்தாது. புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனும் மருதூர்க்கொத்தனும் பிறந்த இவ்வூரை வெளியூரார் அறிந்தது எழுத்தால் மட்டுமன்று, தறியாலுந்தான். சாரனும் சேலையும் நெய்த வீடுகளில் நூல் சுற்றுவதும் பாவு ஓட உதவுவதும் பெண்களின் வேலை. தறியிலிருந்து நெய்தவர்களும் உண்டு. தறி நின்றது அவளுடைய வீட்டில். துணி விற்ற காசு வந்தது அவனுடைய கையில். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தழைத்த கைத்தறி 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் மெலிந்தது. ஆண்களும் பெண்களும் மத்திய கிழக்குக்குப் போனார்கள். வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற உம்மாமார் அனுப்பிய பணத்தில் மகள்மாருக்கு வீடுகள் எழுந்தன. தங்கள் சீதன வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்ட குமர்களும் உள்ளனர். இங்கே 'கல் வெச்சவன்' கணவன் என்ற வாதமும் ஆட்டம் காண்கின்றது. ஆனாலும் அவளுடைய உழைப்பு அவளுக்கு உறுதியாக மாறவேண்டுமானால் அது யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்ற கேள்வி இருந்தே தீரும்.

சீதன எதிர்ப்பு எதை எதிர்த்தது?

1980 களின் பின் கிழக்கில் சீதனத்துக்கு எதிரான குரல் மார்க்க இயக்கங்களிடமிருந்து வலுவாக எழுந்தது. மஹர் கொடுத்து மணமுடிக்கவேண்டியவன் பெண் வீட்டாரிடம் வாங்குவது ஹராம் என்றனர். சீதனம் வாங்கிய கல்யாணத்துக்குப் போகமாட்டோம் என்ற இளைஞர்களும் இருந்தனர். இந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் ரொக்கத்தின் தொகை எங்கே போய் நின்றிருக்குமோ! அதன் நன்மையை மறுக்கமுடியாது.

ஆனால், 'சீதனம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கிடந்தன. ஒன்று, மாப்பிள்ளை தரப்பின் கைக்குப் போகும் பணம். மற்றது, மகளின் பெயரில் நிற்கும் வீடு. முதலாவது பெண்ணிடமிருந்து எடுப்பது. இரண்டாவது பெண்ணுக்குக் கொடுப்பது. பிரசாரம் இரண்டையும் ஒரே கூடைக்குள் போட்டது. 'வீடும் வேண்டாம், நான் கூட்டிப்போய் வைத்திருக்கின்றேன்' என்று சொன்ன மாப்பிள்ளை தியாகியாகப் போற்றப்பட்டான். அவனுடைய எண்ணத்தில் தூய்மை இருந்திருக்கும். ஆனால், அவன் கூட்டிப்போன வீடு அவனுடைய பெயரில் இருந்தது. பத்து வருடங்களின் பின் அந்த இல்லறம் முறிந்தபோது வெளியேறவேண்டியவள் அவளே. கணவனின் கண்ணில் அது சீதனம் வாங்காத கல்யாணம். மனைவியின் கண்ணில் அது வீடில்லாத கல்யாணம்.

மரபுரிமை பற்றிய வாதமும் இதே சிக்கலைக் கொண்டது. மகள்மாருக்கு வீடுகளை முன்னரே எழுதிவிட்டால் மகன்மாருக்கு குர்ஆன் வகுத்த பங்கு குறைகின்றது என்பது சகோதரர்களின் முறைப்பாடு. உயிரோடிருக்கும்போது கொடுப்பது நன்கொடை, இறந்தபின் பிரிப்பதே மீராஸ் என்ற சட்ட வேறுபாடு உண்டு. அதேவேளை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது நீதியாகக் கொடுக்கவேண்டும் என்ற கடமையும் உண்டு. சகோதரனின் முறைப்பாட்டை ஒதுக்கித் தள்ளமுடியாது. அவன் இன்னொருத்தியின் வீட்டில் வாழ்பவன் என்பதையும் சேர்த்தே அதை நிறுக்கவேண்டும்.

இச்சிக்கலைச் சந்தித்த முஸ்லிம்கள் நாம் மட்டுமல்லர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கும் வழக்கம் உண்டு. நம் மரபோடு அது தொடர்புடையது என்பது ஆய்வாளர் கருத்து. சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் தீவிர மார்க்கப் பற்றுள்ளவர்கள்; உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகமும் அவர்களே. அங்கே வழக்கமும் ஷரீஅத்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டன. 1952 இல் புக்கித்திங்கி நகரில் உலமாக்களும் குலத் தலைவர்களும் கற்றவர்களும் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். தாய்வழி வந்த குலச் சொத்து வழக்கப்படி செல்லட்டும். தாமே தேடிய சொத்து பராயிழ் முறைப்படி பிரியட்டும் என்றனர். நம் முன்னோர் முதுசம், தேட்டம் என்று பிரித்ததும் இதுவேதான். அந்த முடிவு முழுமையானதா என்பது வேறு. இரண்டு பார்வைகளையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்து பெயர் சொல்லி எழுதினார்கள் என்பதே நாம் கற்கவேண்டியது. கிழக்குக் கரையில் அப்படியொரு மேசை இடப்படவில்லை.

கடல் கேட்ட கேள்வி

அதன் விளைவு 2004 டிசம்பர் 26 இல் தெரிந்தது. அன்று அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவின் எந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. மருதமுனையின் கடலோர வீடுகள் அத்திவாரத்தோடு அழிந்தன. வீடுகளோடு அலுமாரிகளும் அலுமாரிகளோடு உறுதிகளும் போயின. உறுதி எழுதாமல் வாய்ச்சொல்லில் வாழ்ந்தவர்களுக்கு இழக்க உறுதியும் இருக்கவில்லை.

கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று 2005 இல் அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டு, இப்பகுதியில் 65 மீற்றர் என்ற எண் புழக்கத்துக்கு வந்தது. மருதமுனையில் ஒரு குடியிருப்பே '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்று அழைக்கப்படலாயிற்று. முற்றாகச் சேதமான வீட்டுக்கு இரண்டரை இலட்சம், பகுதிச் சேதத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என உதவித் தொகை வகுக்கப்பட்டது. அத்தொகைக்கும் புதிய வீடுகளுக்கும் பட்டியல் தயாரானபோது படிவம் முதலில் கேட்டது குடும்பத் தலைவரின் பெயரை.

அந்தக் கூட்டில் கணவனின் பெயரை எழுதுவது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றியது. எழுதிய உத்தியோகத்தர் சதி செய்யவில்லை. கணவனும் பறிக்க நினைக்கவில்லை. மனைவியும் அந்த வேளையில் மறுத்துப் பேசவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் கூட்டை நிரப்புவதைப் பற்றியா சிந்திப்பாள்? ஆனால், உம்மாவிடமிருந்து அவளுக்கு வந்த வளவுக்கு ஈடாகக் கிடைத்த வீடு ஒரே பேனாக் கோட்டில் அவனுடையதாயிற்று. தலைமுறைகளாகப் பெண் வழியில் வந்த உடைமை ஒரு படிவத்தில் திசை மாறியது. பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எடுத்துச் சொல்லிக் கூட்டு உரிமை கோரின. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010 இல் வெளியான ஆய்வில், சுனாமிக்குப் பிந்திய வீடுகள் இக்கரை மக்களின் கணக்கில் மகளின் சீதனத்தோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தன என்பதை விளக்கினர். வீட்டுத் திட்டம் வகுத்தவர்களுக்கு வீடு என்பது ஒரு குடும்பம் தங்குமிடம். உம்மாவுக்கு அது மகளின் நாளை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கணவனின் பெயர் எழுதப்பட்ட வீடுகள் எல்லாவற்றிலும் கலகம் நேர்ந்துவிடவில்லை. பெரும்பாலான இல்லறங்கள் முன்போலவே நடந்தன. உரிமை என்பது இல்லறம் நன்றாக நடக்கும்போது தேவைப்படும் பொருளல்ல. அது கெடும்போது தேவைப்படுவது.

எழுதவேண்டிய வரி

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவதற்கென 2009 இல் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. உறுப்பினர்கள் இரு அணியாகப் பிரிந்து நின்றனர். பெண்ணின் கையொப்பம், மணவயது, காதியாகப் பெண் அமர்வது, பலதார மணம் என விவாதம் சூடுபிடித்தது. இவையெல்லாம் முக்கியமானவை. ஆனால், அவ்விவாதத்தில் கிழக்கின் வீடு போதிய அளவு பேசப்படவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் இருந்து பார்ப்போருக்கு அது ஓர் ஊர் வழக்கம். நமக்கு அது இல்லறத்தின் அத்திவாரம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவேண்டும் என்பதுமில்லை. நம் கையில் இருப்பவை சில உள்ளன. ரொக்கத்தை எதிர்ப்போம், அதே மூச்சில் பெண்ணின் வீட்டை எதிர்க்காமல் இருப்போம். குத்பாவிலும் கட்டுரையிலும் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துப் பேசுவோம். மகளுக்கு வீடு கொடுக்கும் வாப்பா அதை உறுதியாக எழுதட்டும். மீளப்பெற முடியாதது என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி நொத்தாரிசிடம் கேட்கட்டும். தன் முதுமைக்கு ஆயுள் உரித்து வேண்டுமானால் அதையும் மறைக்காமல் அதே உறுதியில் எழுதட்டும். கணவனின் பணத்தில் மாடி எழுந்தால் அதையும் ஒரு கடதாசியில் குறிக்கட்டும். தேடியது இருவரும் என்றால் இருவர் பெயரிலும் இருக்கட்டும். 'நானுந்தானே கல் வெச்ச' என்ற அவனுடைய குரலுக்கும் நியாயமான விடை அதுதான். மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலி காவினில் பதியப்படட்டும். அரச படிவம் எது வந்தாலும் காணி யாருடைய வழியில் வந்தது என்று கேட்டு நிரப்பும்படி கிராம உத்தியோகத்தரிடம் பள்ளிவாசல் நிருவாகம் சொல்லட்டும்.

கணவனும் மனைவியும் இல்லறத்தை ஒரே கண்ணால் பார்க்கவேண்டும் என்று யாரும் கட்டளையிடமுடியாது. அவனுக்கு அது உழைப்பின் கணக்காகவும் அவளுக்கு அது நிற்கும் நிலமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு கணக்கும் எழுத்தில் இருந்தால் வழக்கு வரும்போது காதியாரின் மேசையில் இரண்டையும் வைத்துப் பார்க்கமுடியும். இதுவரை அந்த மேசைக்குப் போனது ஒரு கணக்கு மட்டுமே.